ஓட்டை பார்க்கும் அக்கா

"அண்ணே, அந்த ஓரத்துல ஓட்ட இருக்கு."

ரொட்டி சானாய்க்கு மாவை வீசி விரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். ஈப்போ பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடை. காலை ஆறரை மணி. வேலைக்குப் போகிற கூட்டம் நெருக்கியடிக்கிற நேரம்.

"ரொட்டின்னா ஓட்ட இருக்கத்தான் செய்யும். ஓட்டைய விட்டுட்டு மிச்சத்த சாப்புடு லா."

"ஓட்ட இருக்கட்டும்ணே. எல்லா ரொட்டியிலயும் அதே எடத்துல விழுவுது பாருங்க. ஒங்க எடது கட்டவெரல்ல நகம் நீட்டிக்கிட்டு இருக்கு."

அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். நகம் நீண்டுதான் இருந்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஓட்டையைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் எங்காவது ஓட்டை கண்டுபிடிப்பார். தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் அக்காதான். வயதில் மூத்த சீனத்திகள்கூட 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

லகாட் போகிற சாலையில், பழைய ஈயக்குட்டை ஒன்றின் கரையில் இருந்தது எங்கள் தொழிற்சாலை, எங்கள் பேச்சில் 'கிலாங்'. ரப்பர் கையுறை செய்வோம். இன்று அந்தப் பக்கம் போனால் இரண்டு மூன்று பெயர்ப்பலகைகள் தெரிகின்றன. எண்பதுகளின் நடுவில் எங்களுடையது ஒன்றுதான். நான் ஆறாம் படிவம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்த காலம். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் அங்கே ஆய்வகத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். பீங்கானில் செய்த கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வந்து, ரப்பர் பாலில் முங்கி எழுந்து, அடுப்புக்குள் போய், மறுபக்கம் தோல் போர்த்திய கைகளாக வெளியே வரும். முதல் வாரம் முழுக்க நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாரம்தான் சோதனை மேசைகளின் பக்கம் போனேன்.

அங்கே காற்றுக் குழாய் ஒன்று இருக்கும். கையுறையின் வாயை அதில் மாட்டினால் ஐந்து விரலும் பலூனாக நிமிரும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதை வலப்பக்கம், கெட்டதை இடப்பக்கம் போட வேண்டும். எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். அக்கா மட்டும் காற்று நிறைந்த கையுறையின் வாயை முறுக்கிப் பிடித்து, நாக்கால் தன் மேலுதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, விரல் விரலாக உதட்டின் மேல் ஓட்டிப் பார்ப்பார். ஈர உதட்டில் ஊசிமுனைக் காற்றும் சில்லென்று தெரியும்.

"கண்ணு பொய் சொல்லும் தங்கச்சி. ஒதடு சொல்லாது."

நான் நம்பவில்லை. படித்த திமிர். அவர் கழித்துப் போட்ட கையுறைகளில் இருபதை அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டு நிமிடம் தொங்க வேண்டும் என்பது விதி. பத்தொன்பது ஒழுகின. இருபதாவது ஒழுகவில்லை. வெற்றியோடு போய்ச் சொன்னேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தொங்குகிற கையுறைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நீ ஒன் வேலைய பாரு." ஏழு நிமிடம் ஆயிற்று. சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவிலிருக்கும் மடிப்பில் ஒரு துளி தோன்றி, பருத்து, விழுந்தது. அவர் எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அக்கா தோட்டத்துக்காரர். பீடோர் பக்கத்தில் அவர் பிறந்த ரப்பர்த் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது கணவரோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசை. ஒருநாள் பாதிரியாரிடம், மைக்கின் வலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பூசை முடிந்த கையோடு கேட்டாராம். பேச்சுப் பட்டால் அதிர்கிற ஒரு மெல்லிய தகடு இருக்கும் என்று பாதிரியார் சொல்லியிருக்கிறார். "அதுல ஓட்ட விழுந்திருக்கு ஃபாதர். 'ச' வர்ற எடமெல்லாம் காத்து போவுது" என்றாராம். இரண்டு வாரத்தில் மைக்கை மாற்றினார்கள்.

தோலோ தாளோ நெகிழியோ, மெல்லியதாக எது கிடைத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: எதை உள்ளே விடும், எதை விடாது? கோப்பிக்கடையில் பையில் கட்டிக் கொடுத்த கோப்பியை வாங்கியதும் அடிமுனையை உதட்டுக்குக் கொண்டுபோவார். எரிவாயு அடுப்புக்காரரிடம் குழாயின் தலையைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே இருந்த வட்ட ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சாமான்" என்று எனக்குக் கண் காட்டினார்.

அலுவலகத்தில் ஒரு புதுக் கணக்குப்பொறி வாங்கினார்கள். அட்டை மாதிரி தட்டை. தனித்தனிப் பொத்தானே இல்லை. எண்கள் அச்சடித்த ஒரு வழவழப்பான ஏடு, அவ்வளவுதான். அக்கா ஏழு என்ற எண்ணை அழுத்தினார். ஏழு வந்தது.

"பட்டனே இல்ல. எப்படித் தெரியுது அதுக்கு?"

எனக்கும் தெரியாது. பழுதான ஒன்று கிடைத்ததும் இருவரும் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து பிரித்தோம். மேலே ஒரு நெகிழி ஏடு, கீழே ஒரு நெகிழி ஏடு, இரண்டிலும் கறுப்புக் கோடுகள். நடுவில் மூன்றாவது ஏடு. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக ஒரு வட்ட ஓட்டை. விரலால் அழுத்தினால் மேலேடு அந்த ஓட்டை வழியாக இறங்கிக் கீழேட்டைத் தொடுகிறது, விட்டால் நிமிர்ந்துகொள்கிறது. நான் துள்ளினேன்.

"பாத்தீங்களா அக்கா! ஓட்ட இருக்கறதாலதான் இது வேலையே செய்யுது!"

அவர் அந்த நடு ஏட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார். "எங்க மேசைக்கு வந்திருந்தா ரிஜெக்ட்டு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை பேருந்தில், நான் கேட்காமலே, வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னார்.

அவர் கணவர் ஈப்போ – லூமுட் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றில் ஒரு குழாயை வைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒரு வைத்தியத்தைப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர்ப் பை. அதை உயரத்தில் மாட்டி வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து, பையைக் கீழே வைத்து அதே தண்ணீரை வெளியே வடிக்க வேண்டும். இரத்தத்தில் இருக்கும் கழிவு அதோடு வந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு முறை. அக்கா வேலைக்கு வரும் நாளில் பகலில் வருகிற முறையை மட்டும் அவர் கணவர், என் வாய்க்கு அண்ணன், தானே செய்துகொள்வார். மற்றது எல்லாம் அக்கா கை.

"வயித்துக்குள்ள குடல சுத்தி ஒரு ஜவ்வு இருக்காம். அதுதான் வடிகட்டுதாம். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க," என்றார் அக்கா. "நானும் மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன். ஆனா தங்கச்சி, ஓட்ட இருந்தா தண்ணி மொத்தமும் ரத்தத்துக்குப் போயிடணும். ஓட்ட இல்லன்னா அழுக்கு எப்படி வெளிய வருது? ரெண்டுல ஒண்ணுதான இருக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் உயிரியல் படித்தேன் என்று அப்போது தோன்றியது. ஒரு முட்டையைக் கண்ணாடிப் புட்டியில் புளிக்காடியில் போட்டு ஆய்வக மூலையில் இரண்டு நாள் வைத்தேன். ஓடு கரைந்து, வெறும் சவ்வு போர்த்திய முட்டை மிஞ்சியது. அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அது குழைந்து அசைந்தது. உடனே உதட்டுக்குப் போயிற்று.

"ஒழுவல. நல்ல சாமான்."

அதைக் கெட்டியான சீனிப்பாகில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையில் முட்டை சுருங்கித் தொய்ந்து கிடந்தது. உள்ளே இருந்த தண்ணீரைப் பாகு வெளியே இழுத்துவிட்டது. மஞ்சளும் வெள்ளையும் உள்ளேயே இருந்தன.

"சின்னது போவும், பெருசு போவாது. அண்ணனோட பையில இருக்கற தண்ணியிலயும் சீனி இருக்கு. அதுதான் இழுக்குது," என்றேன்.

அக்கா அந்தத் தொய்ந்த முட்டையை மறுபடி உதட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஓட்ட இருக்கா?"

"இருக்கு அக்கா. கண்ணுக்குத் தெரியாது."

"ஒதட்டுக்கு?"

"அதுக்கும் தெரியாது."

அவர் முட்டையைப் புட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவரிடம் காட்டியிருக்கிறார். "இதுதான் என் வயிறா? பாத்து லா, அவிச்சிறாத" என்று அண்ணன் சொன்னதாக அடுத்த நாள் வந்து சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மெலிந்த, வாய் ஓயாத மனிதர். சட்டையைத் தூக்கி, இடுப்பில் மடித்துக் கட்டியிருந்த காலிப் பையைக் காட்டினார்.

"வா தங்கச்சி. ஒங்க அக்கா கிலாங்குல பாக்கறது பத்தாதுன்னு வீட்டுலயும் க்யூசி பண்றா. நான் மட்டுந்தான் இன்னும் ரிஜெக்ட் ஆவல."

"பேசாம படுங்க," என்றார் அக்கா.

சன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். சோப்பு போட்டு முழங்கைவரை கழுவினார். துணியால் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டார். பழைய பையைக் கழற்றிப் புதுப் பையைக் குழாயில் பொருத்துகிற அந்த ஒரு நொடிதான் ஆபத்து. அப்போது கிருமி உள்ளே போய்விடக் கூடாது. அவர் வெறுங்கையால் பொருத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா! நாள் பூரா கையுறையோட இருக்கோம். இங்க வெறுங்கையா?"

"ஆஸ்பத்திரியில கையுறை சொல்லலையே."

"அவங்க கிட்ட ஒங்க கையுறை இல்ல. ஒங்க மேசையத் தாண்டி வந்த கையுறையில ஒரு ஓட்ட இருக்குமா? சொல்லுங்க."

கையுறை என்றதும் அண்ணனே எழுந்து உட்கார்ந்தார். "அட, ஆமா லா!"

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி போய்ப் பார்த்தேன். அக்கா கையுறையின் மாவு போகக் கழுவி, சுத்தத் துணியில் ஒற்றி, வாயால் ஊதி, வாயை முறுக்கிப் பிடித்து, நாக்கால் மேலுதட்டை நனைத்து, விரல் விரலாக ஓட்டிப் பார்த்தார். பத்து விரல். தேறியதும் மாட்டிக்கொண்டார். பிறகுதான் முகத்துணி. பிறகு பொருத்தினார். எவ்வளவு கச்சிதம் என்று நினைத்தபடி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு பிற்பகலில் அலுவலகத் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தண்ணி கலங்கிடுச்சு," என்றது அக்காவின் குரல். "அரிசி கழுவுன தண்ணி மாதிரி வருது. அவருக்கு வயித்த வலி தாங்கல. ஈப்போ ஆஸ்பத்திரியில இருக்கோம்."

ஓடினேன். அண்ணன் கட்டிலில் முழங்காலை மடித்துச் சுருண்டு கிடந்தார். என்னைப் பார்த்ததும், "ஒங்க அக்கா என் வயித்தையும் ஊதிப் பாத்திருக்கணும்," என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வார்டு மிஸ்ஸி எங்களூர்த் தமிழ்ப் பெண். என் வயதைவிட நான்கைந்து கூட இருக்கும். பையின் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, வீட்டுல செய்யற மாதிரியே ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க. ஒண்ணும் விடக் கூடாது," என்றார்.

அக்காவின் கைப்பையில் கையுறைகள் இருந்தன. கழுவினார். ஒற்றினார். ஊதினார். நாக்கை நீட்டி உதட்டை நனைத்தார். முதல் விரல் உதட்டில் பட்டபோதே மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் தடுக்கவில்லை. பத்து விரலும் ஓடி, அக்கா கையுறையை மாட்டிக்கொள்ளும்வரை பார்த்தார்.

"ஒதட்டுல ஏங்க்கா வைக்கிறீங்க?"

"ஓட்ட பாக்க மிஸ்ஸி. நான் கையுறை கிலாங்குல டெஸ்ட்டிங்கு."

"வாய்ல இருக்கற கிருமி ஒதட்டுல வரும். ஒதட்டுலேர்ந்து கையுறை. கையுறையிலேர்ந்து குழாய். குழாயிலேர்ந்து..." மிஸ்ஸி கட்டிலைப் பார்த்தார்.

அக்கா கையுறை மாட்டிய கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கையுறை நான்தான் கொடுத்தேன்," என்றேன். "கையுறை போடச் சொன்னதும் நான்தான்."

"கொடுத்தது நீ. ஊதுனது நான்," என்றார் அக்கா. "சும்மா இரு."

பிறகு மிஸ்ஸியிடம் கேட்டார்: "அந்த ஜவ்வு போயிடுச்சா?"

"இப்பவே சொல்ல முடியாதுக்கா. பையில மருந்து கலந்து உள்ள விடப்போறோம். தண்ணி தெளிஞ்சா பொழச்சது. தெளியலன்னா குழாய எடுத்துடுவாங்க. ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல போட இப்பதைக்கு எடம் இல்ல. இது மாதிரி திரும்பத் திரும்ப வந்தா ஜவ்வு தடிச்சு வடிகட்டாம போயிடும். அதுக்கு ஸ்பேர் கெடையாது."

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்கா கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, குப்பைத் தொட்டியில் போட்டார். சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வடித்த தண்ணீர் தெளிகிறதா என்று பார்க்க மிஸ்ஸி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். பையைச் செய்தித்தாளின் மேல் வைக்க வேண்டும். பை வழியாக எழுத்துத் தெரிய வேண்டும். முதல் நாள் தலைப்பெழுத்துகூடக் கறுப்பு நிழலாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தலைப்பில் ஒரு 'ம' தெரிந்தது. "ம தெரியுது மிஸ்ஸி!" என்று அக்கா கூவியதில் அடுத்த கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

நான்காம் நாள் அக்கா அரை நாள் வேலைக்கு வந்தார். மேசைக்குப் போகவில்லை, நேரே மேற்பார்வையாளரிடம் போனார். மலாயில் பேசினார்கள். இத்தனை வருடமாகத் தான் நல்லதென்று அனுப்பிய ஒவ்வொரு கையுறையும் தன் உதட்டில் பட்டது என்றும், அதைப் போட்டுக்கொண்டு யாரோ யாரையோ தொட்டிருப்பார்கள் என்றும் சொன்னார். மேற்பார்வையாளர் சிரித்தார். இது நோயாளியைத் தொட்டுப் பார்க்கப் போடுகிற வெறும் சோதனைக் கையுறை, கிருமி நீக்கியதென்று நாம் எந்தப் பெட்டியிலும் எழுதவில்லையே, போய் வேலையைப் பார் என்றார்.

அக்கா போய் வேலையைப் பார்த்தார். ஆனால் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். குழாயில் ஊதிய கையுறையைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். நேரம் பிடித்தது. அன்று மதியம் வரிசையிலேயே மெதுவான மேசை அவருடையது. மற்றவர்கள் கேலி செய்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்ததால் அக்கா என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா தேவாலயத்துக்குப் போகவில்லை. நான் போனபோது காலைத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பொடியெழுத்தைப் படிக்க முடிந்தால் வீட்டுக்கு அனுப்புவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் திங்கட்கிழமை குழாயை எடுத்துவிடுவார்கள். அண்ணன் அன்று ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

பை நிறைந்தது. அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கவில்லை. நேரே கொண்டுபோய், மேசையில் விரித்திருந்த தமிழ்ச் செய்தித்தாளின் மேல் படுக்க வைத்தார். கல்யாண வரி விளம்பரப் பக்கம். அதில்தான் எழுத்து ஆகப் பொடிசு. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். குனிந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"ந... நல்ல... குடு... குடும்பத்தைச்... சேர்ந்த..."

மிஸ்ஸி மருந்து வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நான் முந்திக்கொண்டு படித்துவிடுவேன்.

"அரசாங்க... வேலை. ஒயரம்... அஞ்சடி... ஏழு..."

"சத்தமா படி," என்றார் அண்ணன். கண்களை மூடியிருந்தார்.

"அஞ்சடி ஏழு அங்குலம்! செவப்பு நெறம்! முப்பது வயது!"

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"பொண்ணா, மாப்பிள்ளையா?"

"தெரியல. அது பைக்கு வெளிய இருக்கு."

"வெளிய இருக்கறத வெறுங்கண்ணாலயே படிக்கலாமேடி."

"அது கணக்குல வராது," என்று சொல்லி, அக்கா இரண்டு கையாலும் பையை மெல்ல மேலே இருந்த வரிக்கு நகர்த்தினார்.